ஓரத்தில் ஓடிய கேப்டன்

ஹம்பர் பாலத்தருகே தொடங்கி ஆற்றங்கரையோரமாக இங்கிலாந்தின் ஹல் நகரின் மையத்தை நோக்கிப் போகும் ஏ63 நெடுஞ்சாலைப் பகுதிக்குக் கிளைவ் சல்லிவன் வே என்று பெயர். வேலை நிமித்தம் அந்தச் சாலையில் காலையும் மாலையும் போய்வந்த காலத்தில், உடன் வேலை செய்தவர்களிடம் அந்தப் பெயரை எடுத்தால் போதும், தேநீர் இடைவேளை முழுவதும் அதிலேயே கழிந்துவிடும். ஹல் நகரத்தார் தம் ஊரைப் பற்றிப் பெருமை பேசுவது அபூர்வம். மீன்பிடித் தொழில் போனது, கடைகள் மூடியது, சாலைப்பணி முடியாதது என்று குறைகளில்தான் பேச்சு தொடங்கும். ரக்பி லீக் வீரர் சல்லிவன் என்று வந்துவிட்டால் மட்டும், ஊரைப் பிளக்கும் ஹல் ஆற்றின் கிழக்குக் கரைக்காரரும் மேற்குக் கரைக்காரரும் ஒரே குரலில் பேசுவார்கள். அந்த ஊரின் இரு கரைகளுக்கும் இடையிலுள்ள பகையை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது தெரியும்.

ஊருக்கு வெளியே அவர் ஒரே வரியில் அறிமுகப்படுத்தப்படுகிறார்: பிரிட்டனின் எந்தவொரு முக்கிய விளையாட்டிலும் தேசிய அணிக்குத் தலைமையேற்ற முதல் கறுப்பினத்தவர். ஆண்டு 1972. இங்கிலாந்துக் கால்பந்து அணியின் முழுநிலை ஆட்டத்தில் விவ் ஆண்டர்சன் என்ற கறுப்பின வீரர் முதன்முதலாகக் களமிறங்கியதே 1978-இல்தான். அந்த அணிக்குப் பால் இன்ஸ் கேப்டனாக நின்றபோது 1993 ஆகிவிட்டது. ரக்பி லீக் எவ்வளவு முன்னே போயிருந்தது என்பதற்கு இந்த ஆண்டுகளே போதும். ஆனால் அந்த ஒற்றை வரியோடு பேச்சு நின்றுவிடும்போது ஆட்டக்காரர் மறைந்துபோகிறார் என்பது என் நெடுநாள் குறை. அவர் களத்தில் எந்த இடத்தில் நின்றார், எதில் தேர்ந்தவர், கார்டிஃபில் பிறந்தவர் ஏன் இங்கிலாந்தின் வடகிழக்குத் துறைமுகம் ஒன்றில் வந்து சேர்ந்தார் என்று பார்த்தால்தான் அந்தத் தலைமைக்கு உண்மையான எடை தெரியும்.

இலங்கையில் பள்ளி ரக்பி பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தெரிந்தது பதினைந்து பேர் ஆடும் ரக்பி யூனியன். ரக்பி லீக் அதிலிருந்து பிரிந்த தனி ஆட்டம். அணிக்குப் பதின்மூன்று பேர். 1895 ஆகஸ்டில் ஹடர்ஸ்ஃபீல்டின் ஜார்ஜ் ஹோட்டலில் கூடிய வட இங்கிலாந்துக் கழகங்கள், ஆட்டத்துக்காக வேலைக்குப் போகாமல் கூலியை இழக்கும் தொழிலாளர்களுக்கு அந்த இழப்பை ஈடுகட்டியே தீர வேண்டும் என்று முடிவெடுத்துத் தனியே பிரிந்தன. சுரங்கத்திலும் ஆலையிலும் கப்பல் துறையிலும் உழைத்தவர்களின் ஆட்டமாக அது வளர்ந்தது. யூனியன் நிர்வாகம் இதை மன்னிக்கவில்லை. ஒருமுறை லீக் பக்கம் போனவர், சோதனை ஆட்டத்தில் ஆடியவர்கூட, யூனியனுக்குள் திரும்ப வர முடியாத வாழ்நாள் தடைக்கு ஆளானார்.

பந்தை முன்னோக்கி எறியக் கூடாது. கையில் ஏந்தி ஓட வேண்டும், பின்னால் வருபவருக்குத் தள்ளிவிட வேண்டும். எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் ஊன்றினால் அது டிரை. அன்று அதற்கு மூன்று புள்ளிகள், 1983 முதல் நான்கு. பிடிபட்டவர் எழுந்து, பந்தைக் காலால் பின்னுக்குத் தள்ளி ஆட்டத்தைத் தொடர்வார். பிடிப்பவர்கள் கோர்த்த சங்கிலிபோல் நகர்வதையும் ஒருவன் அதைப் பிளந்துகொண்டு போவதையும் பார்த்தால் நம்மவர்களுக்குக் கபடி நினைவுக்கு வரும். வேகமும் மோதலும் மட்டும் பன்மடங்கு. இதில் விங்கர் என்பவர் வரிசையின் கடைக்கோடியில், எல்லைக்கோட்டை ஒட்டி நிற்பவர். மற்றவர்கள் நடுவில் மோதி இடத்தை உண்டாக்க, கடைசியாகப் பந்து அவர் கைக்கு வரும். சல்லிவன் விங்கர்.

அவர் 1943 ஏப்ரலில் கார்டிஃபின் ஸ்பிளாட் பகுதியில் பிறந்தார். எஃகு ஆலையும் துறைமுகமும் சூழ்ந்த தொழிலாளர் பகுதி அது. அதற்கு அப்பால், ‘டைகர் பே’ என்று பலராலும் அழைக்கப்பட்ட பியூட்டவுனில், கப்பலேறி வந்த பல நாட்டு மக்கள் ஒன்றாக வாழ்ந்தார்கள். சிறுவனாக இருந்தபோதே கால்களிலும் பாதங்களிலும் தோள்களிலும் அவருக்கு அறுவைச் சிகிச்சைகள் நடந்தன. விளையாட்டு வாழ்க்கை என்பதை அன்று யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது. கால்கள் தேறியபோது வேறொரு தடை இருந்தது. வேல்ஸில் ரக்பி யூனியன் ஏறத்தாழ ஒரு மதம். ஆனால் அந்தத் துறைமுகப் பகுதிகளின் கறுப்பின இளைஞர்கள் எவ்வளவு திறமையாக ஆடினாலும் தேசிய அணியின் கதவு அவர்களுக்குத் திறந்ததில்லை. வேல்ஸ் யூனியன் அணி முதன்முதலாக ஒரு கறுப்பின வீரரைச் சேர்த்துக்கொண்டது 1980-களில்தான். எழுதிவைத்த விதி எதுவும் இல்லை; விதி இல்லாமலே அது நடந்தது.

எனவே அவர்கள் வடக்கே போனார்கள். பியூட்டவுனில் பிறந்த பில்லி பாஸ்டன் விகன் அணிக்குப் போய்த் தம் ஆட்ட வாழ்க்கையில் 571 டிரைகள் அடித்தார். அவருக்கும் முன்பே வேல்ஸின் பிரின்மாரிலிருந்து போன ராய் ஃபிரான்சிஸ், 1947-இல் பிரிட்டன் அணிக்கு ஆடிய முதல் கறுப்பின வீரரானார். அதற்கு முந்தைய ஆண்டு அணி ஆஸ்திரேலியாவுக்குப் பயணம் போனபோது அவர் விடுபட்டதற்கு, வெள்ளையரல்லாதாரைத் தடுத்த அந்நாட்டின் அன்றைய கொள்கையே காரணம் என்று பரவலாகக் கருதப்படுகிறது. பின்னர் அவர் ஹல் நகரின் லீக் கழகமான ஹல் எஃப்சியின் பயிற்சியாளராகி, 1956-இலும் 1958-இலும் அந்த அணியைச் சாம்பியன் பட்டத்துக்குக் கொண்டுசென்றார். கறுப்பினத்தவர் ஒருவர் பிரிட்டனில் ஒரு தொழில்முறைக் கழகத்துக்குப் பயிற்சியாளராக இருப்பது வேறெங்கும் கேள்விப்படாத ஒன்றாக இருந்த காலம் அது. ஓட்டப் பயிற்சி, ஆட்டங்களைப் படமெடுத்துத் திரும்பப் பார்ப்பது, வீரர்களின் குடும்பத்தாரைக் கழகத்தோடு இணைத்துக்கொள்வது என்று அவர் செய்தவற்றை மற்றவர்கள் பல ஆண்டுகள் கழித்தே பின்பற்றினார்கள். சல்லிவனைப் பற்றி எழுதுகிறவர்கள் ஃபிரான்சிஸை ஒரு வரியில் கடந்துவிடுவது எனக்கு உடன்பாடில்லை. இராணுவத்தில் பணியாற்றிவந்த இளைஞர் சல்லிவன் 1961-இல் ஹல் வந்து இறங்கியபோது அங்கே பயிற்சியாளராக இருந்தவர் இவர்தான்.

அதற்கு முன் பிராட்ஃபர்ட் நார்தர்ன் அணி சல்லிவனைச் சோதித்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றிருந்தது. ஹல் எஃப்சி அவரைச் சோதனை ஆட்டக்காரராக, பெயரை வெளியிடாமல், ‘மிஸ்டர் எக்ஸ்’ என்று களமிறக்கியது. மறைமுகப் பெயர் அன்று வழக்கமான தந்திரம். லீக் ஆடியது தெரிந்தால் யூனியன் வாழ்க்கை அத்துடன் முடிந்துவிடும் என்பதால் பல வேல்ஸ்காரர்கள் இப்படித்தான் முதலில் இறங்கினார்கள். டிசம்பர் மாதக் குளிரில் பிராம்லி அணிக்கு எதிராக ஆடிய அந்தப் பெயரில்லாத விங்கர் மூன்று டிரைகள் அடித்தார். ஒப்பந்தம் உடனே கையெழுத்தானது.

தொடக்கம் சீராக இல்லை. இராணுவப் பணி ஒருபக்கம் இழுத்தது. 1963-இல் நடந்த கார் விபத்தில் உயிர் தப்பியதே பெரிது என்றார்கள்; சில மாதங்களில் மீண்டும் ஆட வந்துவிட்டார். இராணுவத்தை விட்ட பிறகுதான் அவருடைய உண்மையான ஆட்டம் தொடங்கியது. அப்போது ஹல் எஃப்சியின் பொற்காலம் கடந்துவிட்டிருந்தது. ஃபிரான்சிஸ் லீட்ஸுக்குப் போய்விட்டார், பழைய பெரும் முன்வரிசை வீரர்கள் ஓய்ந்துகொண்டிருந்தார்கள். விங்கரின் எண்ணிக்கை அவருக்கு உள்ளே நிற்பவர்களின் தரத்தைப் பொறுத்தது. சுமாரான அணி ஒன்றின் ஓரத்தில் நின்றுகொண்டு 352 ஆட்டங்களில் 250 டிரைகள் அடிப்பது என்பது, வலுவான அணியில் நின்று அதைவிட அதிகம் அடிப்பதைக் காட்டிலும் கடினம் என்பதே என் கணிப்பு. அந்த 250 இன்றும் அந்தக் கழகத்தின் சாதனை.

1968-இன் தொடக்கத்தில் மூன்று வாரங்களுக்குள் ஹல் நகரின் மூன்று இழுவலைக் கப்பல்கள் வடகடல்களில் மூழ்கி 58 பேர் இறந்தார்கள். ஹெஸில் ரோடு என்ற ஒரே தெருவைச் சுற்றி வாழ்ந்த மீனவக் குடும்பங்கள் அவை. ஹல் எஃப்சியின் பூலவார்ட் மைதானமும் அங்கேதான் இருந்தது. மைதானத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் கடலுக்குப் போகிறவர்கள், மீதிப்பேர் அவர்களுடைய உறவினர்கள். அந்த ஆண்டு ஏப்ரலில் டான்காஸ்டர் அணிக்கு எதிராகச் சல்லிவன் ஒரே ஆட்டத்தில் ஏழு டிரைகள் அடித்தார். துயரத்துக்கு ஆட்டம் மருந்தாயிற்று என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அவரை அந்தப் பகுதி மக்கள் தம்மவராகவே எண்ணியதற்கு, அந்தக் காலத்தில் வாராவாரம் அவர்கள் கண்ணெதிரே அவர் ஓடிக்கொண்டிருந்தார் என்பதும் ஒரு காரணம் என்று மட்டும் சொல்லலாம்.

இனி அந்தத் தலைமைக்கு வருவோம். ரக்பி லீக்கில் கேப்டன் என்றால் பெரும்பாலும் நடுவில் நின்று ஆட்டத்தை நடத்தும் ஹாஃப்பேக்காகவோ முன்வரிசை வீரராகவோ இருப்பார். பந்து அடிக்கடி அவர்கள் கைக்கு வரும், நடுவரோடு பேசும் தூரத்தில் இருப்பார்கள், ஆட்டத்தின் வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ அவர்களால் முடியும். எல்லைக்கோட்டருகே நிற்கும் விங்கருக்கு இதில் எதுவும் இல்லை. பத்து நிமிடம் பந்தே வராமல் நிற்க நேரிடும். அப்படி ஓர் ஓரத்தில் நிற்பவர் எப்படித் தலைமை தாங்குவது? சல்லிவனின் ஆட்டப் படங்களைப் பார்க்கும்போது இதற்கான விடை அவர் டிரை அடிக்கும் காட்சிகளில் கிடைப்பதில்லை. எதிரணி மறுகோடியில் கோட்டை உடைத்துக்கொண்டு ஓடும்போது, தம் ஓரத்தை விட்டுக் களத்தின் முழு அகலத்தையும் பின்புறமாகக் குறுக்கே கடந்து வந்து, கடைசிக் கணத்தில் காலைப் பிடித்து வீழ்த்துவார். அது அவர் செய்தாக வேண்டிய வேலை அல்ல. அங்கே வேறொருவர் இருந்திருக்க வேண்டும். அந்த ஓட்டத்தைப் பார்த்த பிறகு மற்ற பன்னிரண்டு பேரில் எவருக்கும் ஒதுங்கி நிற்க மனம் வராது. தாக்குதலுக்குப் பெயர்பெற்ற ஒருவரைத் தற்காப்புக்காகவும் நம்பியதால்தான் தேர்வாளர்கள் அவரைத் தலைமைக்கு எடுத்தார்கள் என்பது என் எண்ணம்.

1972 உலகக் கோப்பை பிரான்சில் நடந்தது. நான்கே அணிகள்: பிரான்ஸ், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன். இரண்டாண்டுகளுக்கு முன் லீட்ஸில் நடந்த இறுதியாட்டத்தில் அடிதடிக்கு நடுவே ஆஸ்திரேலியாவிடம் தோற்றிருந்த பிரிட்டன் இம்முறை வெல்லும் என்று பெரிதாக எவரும் சொல்லவில்லை. ஜிம் சாலினர் பயிற்சியாளர், சல்லிவன் கேப்டன். பெர்பின்யானில் ஆஸ்திரேலியாவை 27–21 என்றும், கிரெனோபிளில் பிரான்சை 13–4 என்றும், போ நகரில் நியூசிலாந்தை 53–19 என்றும் வென்று முதலிடம் பிடித்தார்கள். இறுதியாட்டத்தையும் சேர்த்து நான்கு ஆட்டங்களிலும் சல்லிவன் ஆட்டத்துக்கொன்றாக டிரை அடித்தார்.

நவம்பர் 11, லியோன் நகரின் ஜெர்லாண்ட் மைதானம். பெரிய அரங்கு, வந்திருந்தவர்கள் ஐயாயிரம் பேர்கூட இல்லை. காலியான சிமெண்டுப் படிக்கட்டுகளுக்கு நடுவே ஒரு உலகக் கோப்பை இறுதியாட்டம் நடந்ததைப் பழைய தொலைக்காட்சிப் பதிவில் பார்ப்பது விசித்திரமாக இருக்கிறது. ஆஸ்திரேலியாவுக்காக டிரை அடித்தவர்களில் ஆர்தர் பீட்சனும் ஒருவர். அவரும் பின்னாளில் தம் நாட்டின் தேசிய அணி ஒன்றுக்குத் தலைமையேற்ற முதல் பழங்குடி வீரர் என்ற பெயரைப் பெற்றவர் என்பதை எண்ணினால், அன்று அந்தக் காலி மைதானத்தில் இருந்த வரலாறு கொஞ்சநஞ்சமல்ல. ஒரு கட்டத்தில் பிரிட்டனின் பாதியில், ஆஸ்திரேலியா தாக்கிக்கொண்டிருந்த நேரத்தில், பந்து சிதறியது. சல்லிவன் அதை எடுத்தார். முன்னால் ஏறத்தாழ எண்பது கெஜம். துரத்தியவர் எதிரணிக் கேப்டன் கிரஹாம் லாங்லாண்ட்ஸ், அவரும் வேகக்காரர்தான். இடைவெளி குறைவதுபோலத் தோன்றுகிறது, குறையவில்லை. தலையைப் பின்னுக்குச் சாய்த்து, தோளை அசைக்காமல் கடைசிவரை ஒரே சீராக ஓடுகிறார். சிறுவயதில் கத்திபட்ட கால்கள் அவை என்பதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அந்தப் பதிவை ஒருமுறையோடு நிறுத்த முடியாது.

அந்த வெற்றியில் அதிர்ஷ்டத்தின் பங்கையும் சொல்லிவிட வேண்டும். டென்னிஸ் வார்ட் உயர உதைத்த பந்தை லாங்லாண்ட்ஸ் பாய்ந்து பிடித்துக் கோட்டுக்கு அப்பால் ஊன்றினார். அந்தக் காலத்தின் மிகச் சிறந்த டிரைகளில் ஒன்றாக அது இருந்திருக்கும். பிரெஞ்சு நடுவர் ஆஃப்சைடு, அதாவது பந்தை உதைத்தபோது அவர் உதைத்தவருக்கு முன்னால் இருந்தார், என்று மறுத்துவிட்டார். பதிவைப் பார்த்தால் ஆஃப்சைடாகத் தெரியவில்லை. ஆஸ்திரேலியர்கள் இன்றுவரை அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், நியாயமாகத்தான். ஆட்டத்தின் பிற்பகுதியில் மைக் ஸ்டீபன்சன் டிரை அடிக்க, டெர்ரி கிளாசன் உதையில் புள்ளிகள் 10–10 என்று சமமாயின. கூடுதல் இருபது நிமிடத்தில் எவரும் புள்ளி எடுக்கவில்லை. இறுதியாட்டத்துக்கு முந்தைய சுற்றில் முதலிடம் பிடித்திருந்ததால் கோப்பை பிரிட்டனுக்குப் போயிற்று. சல்லிவன் அதை வாங்கினார். அதன் பிறகு பிரிட்டன் அணியோ இங்கிலாந்து அணியோ இந்த ஆட்டத்தின் ஆடவர் உலகக் கோப்பையை வென்றதில்லை. ஆட்டம் முடிந்து ஊர் திரும்பியபோது அவர் நிறம் பெரிய செய்தியாகவில்லை. லீக் உலகுக்கு அது புதிதல்ல என்பது ஒரு காரணம். மற்றது, லண்டன் பத்திரிகைகளுக்கு வடக்கத்தியரின் இந்த ஆட்டத்தில் ஆர்வமே இல்லை என்பது. இரண்டாவதே பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன்.

1974-இல் அவர் செய்ததை ஊருக்கு வெளியே உள்ளவர்களுக்கு விளக்குவது கடினம். ஹல் ஆறு நகரை இரண்டாகப் பிளக்கிறது. மேற்கே மீனவர்களின் ஹல் எஃப்சி, கறுப்பு–வெள்ளை. கிழக்கே கப்பல்துறைத் தொழிலாளர்களின் ஹல் கிங்ஸ்டன் ரோவர்ஸ், சிவப்பு–வெள்ளை. தீவிர ரசிகர்களின் வீட்டுச் சமையலறையில் எதிரணியின் நிறம் கொண்ட பொருள் இருக்காது. பதின்மூன்று ஆண்டுகள் மேற்கில் ஆடிய சல்லிவன் ஆற்றைக் கடந்து ரோவர்ஸில் சேர்ந்தார். வேறெவர் செய்திருந்தாலும் துரோகி என்ற பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். முப்பதைக் கடந்தவர், வேகம் குறைந்திருக்கும் என்று எண்ணியவர்களுக்கு அவர் ரோவர்ஸுக்காக 213 ஆட்டங்களில் 118 டிரைகள் அடித்துக் காட்டினார். இரு கழகங்களுக்கும் நூறுக்கு மேல் அடித்தவர் வேறெவரும் இல்லை.

1980 மே மாதம் இரண்டு ஹல் அணிகளும் வெம்பிளியில் லீக் கழகங்களுக்கான சேலஞ்ச் கோப்பை இறுதியாட்டத்தில் மோதின. மைதானத்தில் 95,000 பேர். ஊரே லண்டனுக்குப் புறப்பட்டுவிட்டதால், ‘கடைசியாகப் போகிறவர் விளக்கை அணைத்துவிடவும்’ என்று யாரோ எழுதிய பலகை ஏ63 சாலையோரம் நின்றது. ரோவர்ஸ் 10–5 என்று வென்றது; 37 வயதில் சல்லிவனுக்கு வெற்றியாளர் பதக்கம் கிடைத்தது. இரண்டாண்டு கழித்து அவர் பழைய கழகத்தில் ஆர்தர் பன்டிங்கின் பயிற்சிக் குழுவில் இருந்தார். விட்னஸுக்கு எதிரான இறுதியாட்டம் 14–14 என்று சமனில் முடிய, மறு ஆட்டம் லீட்ஸின் எலண்ட் ரோடில் வைக்கப்பட்டது. ஆள் தேவைப்பட்டது. முப்பத்தொன்பது வயதுப் பயிற்சியாளர் பூட்ஸை மாட்டிக்கொண்டு இறங்கினார். ஹல் எஃப்சி 18–9 என்று வென்றது. வென்றது வெம்பிளியில் அல்லாமல் லீட்ஸில் என்பதால், ‘வெம்பிளியில் ஒருபோதும் வெல்லாதவர்கள்’ என்று ரோவர்ஸ் ரசிகர்கள் பாடிய கேலிப்பாட்டு 2016 வரை நீடித்தது தனிக்கதை.

மூன்றரை ஆண்டுகளுக்குள், 1985 அக்டோபர் 8 அன்று, புற்றுநோயால் அவர் இறந்தார். வயது 42. நெடுஞ்சாலைக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். இரு அணிகளும் மோதும் ஆட்டத்துக்கு அவர் நினைவாகக் கோப்பை வைத்தார்கள்.

கார்டிஃபுக்கு அதிக நேரம் பிடித்தது. 2023 ஜூலையில்தான் பில்லி பாஸ்டன், இன்னொரு லீக் வீரரான கஸ் ரிஸ்மன், கிளைவ் சல்லிவன் மூவருக்கும் கார்டிஃப் பே பகுதியில் சேர்த்து ஒரே சிலை எழுந்தது. பாஸ்டன் நேரில் வந்திருந்தார். 2025-இல் அவருக்குக் கிடைத்த நைட் பட்டம் ரக்பி லீக்குக்குக் கிடைத்த முதல் நைட் பட்டம். சிலை திறந்த நாளில் எழுதப்பட்டவற்றில் பல, இவர்கள் ‘வாய்ப்பைத் தேடி வடக்கே சென்றார்கள்’ என்று மென்மையாகச் சொல்லி நகர்ந்தன. வாய்ப்பு கார்டிஃபிலேயே இருந்தது. உள்ளூர் மைதானத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடுமளவு இருந்தது. அது பாஸ்டன், சல்லிவன் போன்றவர்களுக்கு மட்டும் இல்லை.

சல்லிவனின் மகன் ஆன்டனியும் விங்கர்தான். செயின்ட் ஹெலன்ஸ் அணியில் பல ஆண்டுகள் ஆடிய பெயர்பெற்ற லீக் வீரர். 1995-இல் யூனியனும் வெளிப்படையாகச் சம்பளம் தரத் தொடங்கியதும் நூறாண்டுத் தடை மறைந்தது. ஆட்ட வாழ்க்கையின் இறுதிக் கட்டத்தில் அவர் கார்டிஃப் யூனியன் கழகத்தில் சேர்ந்தார். 2001-இல் வேல்ஸ் யூனியன் அணி அவரை இரண்டு சர்வதேச ஆட்டங்களில் களமிறக்கியது. அப்போது அவருக்கு வயது முப்பதுக்கு மேல். தேர்வாளர்கள் அவருடைய வேகத்தைத்தான் காரணமாகச் சொல்லியிருப்பார்கள்.